கறி வெந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம்

போன வாரம் என் மகள் எனக்கு ஒரு நோட்டு வாங்கி வந்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். மனசுக்கு நல்லது என்று எங்கேயாவது எதையாவது படித்துவிட்டால் முதலில் என்மேல்தான் சோதித்துப் பார்ப்பாள். பூப்போட்ட அட்டை, பக்கத்துக்கு மூன்று கோடு. இன்றைக்கு நீங்கள் நன்றி சொல்ல நினைக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் அச்சடித்திருக்கிறது. "டெய்லி எழுதும்மா, கோவம் பொறாமையெல்லாம் கொறஞ்சிரும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றி சொல்லிச் சொல்லியே பொறாமையை வளர்த்தவள் நான். பெற்ற மகளிடம் அதைச் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தேன். டிசம்பர் பிறந்தால் சர்ச்சில் இருக்கும் பெண் குழந்தைகளின் கவுன் முழுக்க என் வீட்டுக்கு வந்துவிடும். சாட்டின் துணியும் மெஷின் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை அடிக்கும், அதுதான் எனக்குக் கிறிஸ்துமஸ் வாசனை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் லேஸ் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, என் மகளின் கவுனுக்கு இருபத்தைந்தாம் தேதி காலையில் சர்ச் மணி அடிக்கும்போது கொக்கி வைத்திருக்கிறேன். அப்படியும் ஒரு வருடம் முதுகுப் பக்கம் ஊக்கு குத்தித்தான் அனுப்பினேன்.

இடையில் பலகார வேலை வேறு. தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த தட்டுகளை எட்டு வாரம் அலமாரியில் அடுக்கி வைத்திருப்போம். வெறும் தட்டாகத் திருப்பக்கூடாது. அச்சு முறுக்கும் கல்கலும் அதிரசமும் நிரம்பித்தான் போக வேண்டும். எதிர் வீட்டுக் கவுண்டரம்மா தட்டை வாங்கும்போது, "ஏனுங்க அம்மணி, இத்தன வேலைக்கு நடுவுல எப்படித்தான் செய்யறீங்களோ" என்பார். நான் ஒன்றுமே இல்லாதது மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்குள் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்.

தட்டெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து பவானி ஜமக்காளத்தை எடுத்து உதறுவோம். பூச்சி உருண்டை நெடி மூக்கில் ஏறும். எனக்கு அப்போதே என்ன சொல்வது என்ற கவலை ஆரம்பித்துவிடும். ஏனென்றால் அந்த ஜமக்காளம் வருடத்துக்கு ஒரு நாள் ஒரே காரியத்துக்குத்தான் விரிக்கப்படும். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் குடும்பம் மொத்தமும் அதில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்.

இது என் மாமனார் வைத்த வழக்கம். ஆளுக்கு ஒன்று. அந்த வருடம் ஆண்டவர் தனக்குச் செய்த ஒரு நன்மையை வாய்விட்டுச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் மாமனார் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், எதற்கும் சட்டம் வைப்பார். போன வருடம் சொன்னதைச் சொல்லக்கூடாது. இன்னொருத்தர் சொன்னதைச் சொல்லக்கூடாது. ஜீவன், சுகம், பெலன் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கவும் கூடாது. "அதெல்லாம் எல்லாத்துக்குந்தான் குடுத்திருக்காரு. உனக்குன்னு என்ன செஞ்சாரு, அதச் சொல்லு" என்பார். வயதுப்படி வரிசை. மாமனார், மாமியார், பிறகு மூத்த மகனான என் வீட்டுக்காரர், பிறகு நான். எனக்குப் பிறகு கொழுந்தனார், கடைசியில் அவர் மனைவி ஸ்டெல்லா.

ஸ்டெல்லா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரை மச்சாண்டார் என்பாள். திருப்பூரில் இருந்தாள். கொழுந்தனார் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர். அந்தக் காலத்தில் திருப்பூரில் நட்டது எல்லாம் முளைத்தது. அவள் கல்யாணமாகி வந்த முதல் வருடம், "கலர் டிவி வாங்கக் கிருபை செஞ்சதுக்காக ஸ்தோத்திரம்" என்றாள். அதே வருடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் சின்ன மகனுக்கு அம்மை நல்லபடியாக இறங்கியதற்கு. அடுத்த வருடம் அவளுக்கு ஸ்கூட்டர், எனக்கு லைன் வீட்டுக்குப் பொதுக் குழாய் வந்தது. அதற்கடுத்த வருடம் அவளுக்கு மாடி வீடு. நான் சொன்னது எனக்கே மறந்துவிட்டது. மாமனார் அவளுக்குச் சொன்ன ஆமென் மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது ஞாபகம் இருக்கிறது.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் புடவையைப் பார்த்தால் பொறாமை, அவள் பையன் ஷூ போட்டுக்கொண்டு நடந்தால் பொறாமை. அவள் நல்லவளாக இருந்தது அதைவிடப் பெரிய தொந்தரவு. வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு பாத்திரம் தேய்க்க உட்காருவாள். திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு வருடம் ஆடி மாதம் மில்லை மூடினார்கள். தறியில்லை, சங்கு இல்லை. என் வீட்டுக்காரர் காலையில் பழக்கப்படி எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பார். அதைப் பார்க்க முடியாமல் நான் மெஷினை வேகமாக மிதிப்பேன். நாலைந்து இடத்தில் வேலை கேட்டார். டிசம்பர் ஆரம்பத்தில் ஒரு பம்பு செட்டுக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. வருகிறவர்களுக்குக் குறை தெரியக்கூடாது என்று எப்போதும் போலக் கறியெடுத்து, தேங்காய் வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தேன். ஜமக்காளம் விரித்தாயிற்று. மாமனார், மாமியார் சொல்லி முடித்தார்கள். என் வீட்டுக்காரர் முறை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஊட்டுல எல்லாரும் சமாதானமா இருக்கறோம், அதுக்கு ஸ்தோத்திரமுங்க" என்றார்.

"அது பொதுங்கப்பா" என்றார் மாமனார். "உனக்குன்னு ஒண்ணு சொல்லு."

அவர் யோசித்தார். வேலை போன மனுஷன், அந்த வருடத்தில் எதைத் தேடி எடுப்பார்? ரொம்ப நேரம் கழித்து, "இன்னிக்குக் கறி நல்லா வெந்திருந்துச்சுங்க. அதுக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமனாரே சிரித்தார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் இரண்டு பேர் தாண்டினால் அவள் வாயைத் திறந்து காரோ கழனியோ சொல்வாள், இவர் கறிக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். என் முறை. நான் கண்ணை மூடிக்கொண்டு, "இவருக்குப் பம்பு செட்டுக் கம்பெனியில ஸ்டோர் கீப்பர் வேலை கெடைச்சதுக்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு ஆமென் கேட்டது. கண்ணைத் திறந்தேன். சொன்னது என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள் சொன்னார்கள். கொழுந்தனார், "ஏண்ணா, ஒரு வார்த்த சொல்லவேயில்ல" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமியார் அழுதுவிட்டார். கொழுந்தனார் ஸ்டெல்லாவை ஒரு பார்வை பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தேனாக இனித்தது. அவள் முறை வந்தபோது தடுமாறினாள். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டு, "மல்லிகைச் செடி பூத்துச்சுங்க, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். மாடி வீட்டுக்காரி மல்லிகைச் செடிக்கு இறங்கிவிட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எல்லோரும் போன பிறகு அவர் ஜமக்காளத்தை மடித்துக்கொண்டே கேட்டார். "ஏம்புள்ள அப்படிச் சொன்ன?"

"கெடைக்கறதுக்கு முன்னாடியே நன்றி சொல்லோணும்னு போன ஞாயித்துக்கெழம ஐயர் பிரசங்கத்துல சொன்னாருங்கல்ல" என்றேன். ஐயர் என்றால் எங்கள் பாஸ்டர். அவர் அப்படிச் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் நான் சொன்னது விசுவாசத்தில் இல்லை, வயிற்றெரிச்சலில். என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். "கெடைச்சாச் சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

கிடைக்கவில்லை. ஜனவரி கடைசியில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கொழுந்தனாரிடம் எங்கேயாவது சொல்லிவைக்கச் சொல்லலாம் என்றால், என் வீட்டுக்காரர் தம்பியிடம் போய்க் கேட்க மாட்டார். நான்தான் கிளம்பினேன். பிளவுஸ் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, காந்திபுரத்தில் பஸ் ஏறி, அவிநாசி வழியாகத் திருப்பூர் போய் இறங்கினேன். பஸ்ஸில் வழி முழுக்க என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை. அவள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது அத்தனையும் மறந்துபோயிற்று. நான் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

ஸ்டெல்லா டம்ளரில் இருந்த காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, எங்க கம்பெனியில செக்கிங் செக்சனுக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும்னு மொதலாளி கேட்டாருங்க. மச்சாண்டாரு பேரத்தான் சொல்லி வெச்சிருந்தோம். அன்னிக்கு ஸ்தோத்திரத்துல நானே சொல்லிச் சந்தோசப்படுத்தலாம்னு வாய்க்குள்ளயே வெச்சிருந்தேன். நீங்க முன்னாடி சொல்லிப்போட்டீங்க. சரி, பக்கத்துலயே நல்ல எடமாக் கெடைச்சிருச்சுன்னு நெனச்சு, ஜனவரியில வேற ஆளப் போட்டுட்டாங்க."

நான் அவள் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறெதையாவது சொல்லிவிட்டு ஒரு ஆள் பொறுத்திருந்தால் போதும். மாமனார் வரிசையை மாற்றி வைத்திருந்தால் போதும். நான் ஒரு ஜமக்காள நீளத்தில் என் வீட்டுக்காரரின் வேலையைத் தட்டிவிட்டிருந்தேன். "இது அவருக்குத் தெரிய வேண்டாம் ஸ்டெல்லா" என்று மட்டும் கேட்டேன்.

"என்ற வாயில வராதுங்கக்கா" என்றாள்.

வரவே இல்லை. கொழுந்தனார் வாயையும் அவளே கட்டியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டப் போனார். பதினெட்டு வருடம் ஓட்டினார். பிள்ளைகளின் சத்தத்தில் ஒரு பக்கக் காது மந்தமாகிவிட்டது என்று சிரிப்பார். அடுத்த கிறிஸ்துமஸில் அவர் வேனுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். என் முறையில் நான் நன்றி சொல்ல வேண்டியது ஸ்டெல்லாவின் மூடிய வாய்க்குத்தான். ஒவ்வொரு வருடமும் சொல்ல நினைத்து, கேஸ் கனெக்சன், மகள் மார்க், மெஷினுக்குப் புது மோட்டார் என்று எதையோ சொல்லிவைத்தேன். வெட்கம் பாதி. மீதி என்ன தெரியுமா, அப்போதும் பொறாமைதான். டிவியும் மாடியும் போய், இப்படி ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிற மனசு அவளுக்கு இருக்கிறதே, எனக்கு இல்லையே என்று ஆரம்பித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது. நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் ஸ்டெல்லா எனக்குத் துணையாக இருந்தாள். அவர் சட்டைகளை இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று, "உங்களப் பாத்து நான் எத்தன வருசம் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுங்களா அக்கா" என்றாள். என்னைப் பார்த்தா, எதை வைத்து என்று கேட்டேன்.

"கறி வெந்துச்சுன்னு மச்சாண்டாரு சொன்னாரே, அத ஆக்குனது ஆருங்க? உங்களுக்குத்தான் அவரு ஸ்தோத்திரம் சொன்னாரு. அப்பறம் நீங்க பொய் சொன்னீங்க. பொய்யின்னு அந்தக் கூட்டத்துல தெரிஞ்சது அவரு ஒருத்தருக்குத்தான். ஆனா மொதல்ல ஆமென் சொன்னதும் அவருதான். எங்கூட்டுக்காரரு நல்லவருதான், கொறையா ஒண்ணும் சொல்லல. ஆனா நான் நெசத்தச் சொன்னாலே, அப்படியா, எப்ப, ஆரு சொன்னாங்கம்பாரு."

நான் கையிலிருந்த சட்டையை இரண்டு முறை மடித்தேன்.

மாமனார், மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மில் இருந்த இடத்தில் பதினாலு மாடி நிற்கிறது. ஸ்டெல்லா மகனோடு கனடாவில் இருக்கிறாள், பனியில் நின்று எடுத்த போட்டோ அனுப்புகிறாள், அதைப் பார்த்தும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு மகளையும் மருமகனையும், சின்னவனையும் அவன் மனைவியையும் உட்கார வைத்து, ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றேன். எல்லோரும் நல்ல வேலையில் இருப்பவர்கள், ஆளுக்கொன்று நன்றாகவே சொன்னார்கள். என் முறை வந்தபோது, "எனக்கு ஒரு குறையும் இல்ல, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஆமென் சொல்ல ஒருத்தரும் இல்லை.