சுவருக்குள் முறிந்த குழாய்

எங்கள் குளியலறையின் வெந்நீர் அண்டா ஓட்டையானபோது நான் மூன்றாம் முறையாகக் கர்ப்பமாக இருந்தேன். முதல் இரண்டும் தங்கவில்லை. 1950களின் நடுப்பகுதி அது. ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வயலும் வீடும். இதுவாவது நிலைக்க வேண்டும் என்று என் மாமியார் வேண்டாத சாமி இல்லை.

அண்டாவுக்கு இனிமேல் ஈயம் வைத்துப் பயனில்லை என்று, என் கணவர் பெங்களூர் போய்ச் செம்பு பாய்லர் ஒன்று வாங்கி வந்தார். நடுவில் கரி போடும் குழல், பக்கத்தில் பித்தளைக் குழாய். புதுமணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் அது அண்டாவைவிட உயரம். கிணற்று மேட்டுத் தொட்டியிலிருந்து சமையலறைச் சுவருக்குள் புகுந்து வரும் இரும்புக் குழாய், பாய்லரின் வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டது. அதை உயர்த்த ஓசூரிலிருந்து குழாய் வேலை செய்யும் பிட்டர் வந்தார். ஸ்பானரைப் போட்டு ஒரு திருகு திருகினார். துருப்பிடித்த குழாய் சுவருக்குள்ளேயே முறிந்து, சுவரெல்லாம் நனைய ஆரம்பித்தது.

இடித்தால்தான் சரிசெய்ய முடியும். மாமியார் குறுக்கே நின்றுகொண்டார்.

"மாசமா இருக்கற பொண்ணு ஊட்ல செவுத்த இடிக்கறதா? செவுரு பொளந்தா புள்ளைக்கு ஒதடு பொளக்கும்!"

பிட்டர் கன்னடக்காரர். அவரும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "பேடாம்மா, வேணாம். எங்க ஜனத்துலயும் அப்படித்தான். பிரசவம் ஆவட்டும், வர்றேன்." தொட்டியின் துவாரத்தில் கட்டை அடித்து அடைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் பிள்ளையைக் காக்க வந்த சாஸ்திரம் என் இடுப்பில் குடத்தை ஏற்றியது. ஆண்கள் குடம் தூக்கினால் ஊர் சிரிக்குமாம். பண்ணையில் வேலை செய்த பெண்களை நாங்கள் வீட்டுக்குள் விடுவதில்லை. அது அநியாயம் என்றுகூட அன்று எங்களுக்கு உறைக்கவில்லை. முழங்கால் மடங்காத மாமியார் பாதி தூக்கினார், மீதியை நான். பாய்லரில் ஊற்றக் குடத்தை நெஞ்சுக்கு மேல் உயர்த்த வேண்டும். 'பச்சைத் தண்ணியில குளிங்களேன்' என்று ஆத்திரத்தில் நாக்கு நுனிவரை வரும். மாமனாருக்கு மூச்சிழுப்பு, வெந்நீர் இல்லாமல் ஆகாது. அடுத்த குடத்தைத் தூக்குவேன்.

ஒரு காலையில் குடத்தோடு நிமிர்ந்தபோது அடிவயிற்றில் சுருக்கென்றது. சேலையில் உதிரம் பட்டிருந்தது. "அத்தே!" என்று கத்தியபடி ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருத்துவச்சி வந்து பார்த்தாள். கரு இன்னும் இருக்கிறது, இனி ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது என்றாள்.

மாமியார் கொல்லைக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தார். நான் படுத்த இடத்திலிருந்தே வேண்டாம் என்றேன்.

"முழுத் தண்ணியும் என்னால தூக்க முடியாது கண்ணு. நான் திண்டாடறதப் பாத்தா நீ எந்திரிச்சு வந்துடுவ."

என் கணவர் ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்தார். மாமியார் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"நீ அப்பன்டா. நீ இடிச்சா பழி புள்ள மேல உழும். நான் இடிக்கறேன், வர்ற பழி என்னோட போவட்டும்."

குழாய் தெரியும்வரை அவரே இடித்தார். ஒவ்வொரு குத்துக்கும் அதையே முணுமுணுத்தார். பிறகு பிட்டரும் வந்தார். இடித்தது தான் இல்லையே என்ற நிம்மதியில் புதுக் குழாய் போட்டு, பாய்லரின் வாய்க்கு மேலே கொண்டுவந்து விட்டார்.

மாமியாரின் நம்பிக்கை மட்டும் துளியும் அசையவில்லை. நம்பாதவர் சுவரை இடிப்பது பெரிய காரியமா? அவர் முழுசாக நம்பிக்கொண்டே இடித்தார். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிட்டார். என் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒரு நடுப்பகலில் குழந்தை பிறந்தது. "பொம்பளப் புள்ள" என்று மருத்துவச்சி உரக்கச் சொன்னாள். மாமியார் காதில் அது விழவே இல்லை. குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலால் மேலுதட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். மறுபடியும் தடவினார். குழந்தை அந்த விரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்த பிறகுதான், பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்டார்.