மாமாவின் கொறங்காட்டில் ஒன்பது குழிகள்

மாமா கொறங்காட்டில் குழி தோண்டுகிறார் என்று அப்பாவிடம் முதலில் சொன்னது நான்தான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார். துணி எடை போடும்போது அவர் தராசைப் பார்க்கமாட்டார், எடை போடுகிறவரின் முகத்தைத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம் போய்க் குழி என்றால் சும்மா இருப்பாரா?

“எவ்வளவு பெருசு?” என்றார். ஒரு தேங்காய் உள்ளே போகுமளவு கைகளைக் குவித்துக் காட்டினேன்.

“அதுல கம்பமும் நட முடியாது, போரும் போட முடியாது. பின்ன எதுக்காம்?” என்று அம்மாவை முறைத்தார், ஏதோ அம்மா தோண்டிவிட்டு வந்ததுபோல.

அந்தக் கொறங்காடு குண்டடத்துப் பக்கம் இருந்தது. மேய்ச்சலுக்கென்றே விட்ட வறண்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். அம்மாவின் அப்பாவான அப்புச்சி காலமான பிறகு அது அம்மாவுக்கும் அவளுடைய அண்ணனான மாமாவுக்கும் பொதுவாகக் கிடந்தது. மாமா அதில் ஆடு மேய்த்துக்கொண்டார், அம்மா எதுவும் கேட்டதில்லை. என்றைக்காவது மாமா அதைச் சத்தமில்லாமல் மனை மனையாகப் பிரித்து சைட் போட்டு விற்றுவிடுவார் என்பது அப்பாவின் பயம். நிலத்தால் அண்ணனோடு பேச்சு அறுந்துவிடுமோ என்பது அம்மாவின் பயம். எனக்கு எந்தப் பயமும் இல்லாததால் என்னை வேவு பார்க்க அனுப்பினார்கள்.

“போயிப் பாத்துட்டு வா கண்ணு. ஒண்ணும் கேக்காத, பாரு” என்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு பஸ் ஏறிப் போவேன். மாமா காட்டுக்குள் அடி வைத்து அளந்து நடப்பார். திடீரென்று உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூரத்தைப் பார்ப்பார். பிறகு ஒரு குச்சியை நட்டுச் சிவப்புப் பனியன் துணியைக் கட்டுவார். கொஞ்ச நாளில் நிட்டிங் மெஷினின் கழிவு எண்ணெய் கேன் கேனாக வந்து இறங்கியது. அதை மணலில் கலந்து ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாகப் பரப்பினார். எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்பித்தேன்.

“குழி, கொடி, எண்ணெய்…” என்று அப்பா யோசித்தார். “பெட்ரோல் பங்க்கு!”

பக்கத்துத் தோட்டத்துக்காரர்களின் கணக்கு வேறு. காட்டில் சிவப்புக் கொடி நட்டால் மின்கோபுரத்துக்கு நிலம் எடுக்க அளக்கிறார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். அவர்கள் கூட்டமாக வந்து எல்லாக் கொடிகளையும் பிடுங்கி மாமா வீட்டு வாசலில் கட்டாகப் போட்டுவிட்டுப் போனார்கள். மாமா கோபப்படவில்லை. ஏற்றுமதியில் கழித்துப்போட்ட குழந்தைச் சட்டைகளை வாங்கி வந்து கொடியாகக் கட்டினார். யானைக்குட்டிப் படம் போட்ட கொடியை எந்த அதிகாரி நடுவான்? ஊர் அடங்கியது. அப்பா அடங்கவில்லை.

கடைசியில் மாமாவே எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். முன்பு ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தபோது, சாம்பிளோடு அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே துணி வாங்குகிறவர் அவரைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மாமா பயந்துபோய்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாராம். பார்த்தால் அது ஊர்ப் பொது மைதானம். பஸ் டிரைவரும் காய்கறி விற்கிற அம்மாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“ஆடு மேஞ்ச காட்டுல ஆரம்பிச்ச ஆட்டமாமுங்க மாப்ள. காத்துக்கு ஒதுங்கி ஆடு படுத்த பள்ளந்தான் பந்து மாட்டிக்கற மணல் குழி ஆச்சாம். நம்மகிட்ட ஆடும் இருக்குது, காடும் இருக்குது. தண்ணிதான் இல்ல. அதுக்குத்தான் புல்லுக்குப் பதிலா எண்ணெய் மணலு. காத்துல பறக்காது, பந்து நேரா உருளும்.”

“மரமெல்லாம்?”

“ஒண்ணுகூட வெட்டலீங்க. சுத்திப் போற மாதிரி அடிச்சுக்க வேண்டியதுதான். புல்ல ஆடே வெட்டிரும். ஒரு டீ விலைக்கு யாரு வேணும்னாலும் வந்து ஆடலாம். கம்பெனில வேல செய்யறவங்க ஞாயித்துக்கெழம எங்கதானுங்க போவாங்க?”

மாமா போனில் அந்த வெளிநாட்டு மைதானத்தின் படத்தைக் காட்டினார். அப்பா அதை விரலால் பெரிதாக்கி, புல்லை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த கட்டடத்தைப் பார்த்தார். மாமா படியிறங்கியதும், “டீ விலைக்கு எவனாச்சும் காட்ட உடுவானா? இதுல என்னமோ இருக்குது” என்றார்.

முதல் ஆட்டத்தன்று வடநாட்டுப் பையன்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருத்தி, செக்கிங்கில் வேலை செய்கிறவள், “எண்ணே, இம்புட்டுத் தூரம் நடக்கணுமா? கம்பெனியில நின்னு நின்னே காலு வீங்கிப்போச்சு” என்று சலித்துக்கொண்டே ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து வெள்வேலத்தைத் தாண்டிப் போனது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவளும் அவள்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா மட்டும் பந்தைப் பார்க்காமல் வந்தவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பளபளக்கும் ஷூ போட்டிருந்தார். ஏதோ கம்பெனி சூப்பர்வைசர்தான், ஆனால் அப்பாவுக்கு அந்த ஷூ போதும். நிலம் வாங்க ஆள் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

“உன்ர பங்கப் பிரிச்சுக் கேளு” என்று அம்மாவிடம் சொன்னார். அந்த வாரம் முழுக்க அம்மா எங்கள் இருவரோடும் சரியாகப் பேசவில்லை. ஞாயிறன்று கொறங்காட்டில் மாமாவிடம் கேட்டாள். எண்ணெய் மணலைச் சமன் செய்துகொண்டிருந்த மாமா நிமிரவில்லை. வட்டத்தை முழுக்க இழுத்து முடித்த பிறகுதான், “ஆகட்டும் அம்மணி” என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு காடு முழுக்கச் சுற்றி நடந்தார்.

“இதுல உனக்கு எந்தப் பக்கம் ரொம்பப் புடிச்சிருக்குது கண்ணு?”

நான் யோசிக்கவே இல்லை. ரோட்டை ஒட்டிய பக்கத்தைக் காட்டினேன். அங்கேதான் பெரிய வெள்வேலம், அதன் கீழேதான் கிடாய் படுக்கும், கடைசிக் குழியும் அங்கேதான்.

“அங்கதான் நெழலு மாமா.”

மாமா சிரித்தார்.

ரோட்டுப் பக்கம் அம்மாவுக்கு எழுதப்பட்டது. விலை போகிற பக்கம் அதுதான் என்பது குண்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். “இவ்வளவு சுலுவாக் குடுத்துட்டாரே. அப்ப உள்பக்கம் என்னமோ இருக்குது” என்று அப்பா பல நாள் தூங்காமல் கிடந்தார். நான் கல்லூரிக்குப் போன வருடம் அந்தப் பங்கைச் சைட் போட்டு விற்றது அப்பாதான். வெள்வேலம் போனது. வரிசையாகக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டினார்கள். எந்தக் கொடிக்கு அவர் அத்தனை வருடம் பயந்தாரோ அதே கொடிதான். மாமா மிச்சக் காட்டில் எஞ்சிய குழிகளையே போகும்போது ஒரு பக்கமிருந்தும் திரும்பும்போது மறுபக்கமிருந்தும் ஆடுகிற மாதிரி மாற்றிக்கொண்டார். இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது. “இன்னும் அங்க என்னதான் பண்றாரு?” என்று அப்பா இன்றும் கேட்கிறார்.

பங்கு கேட்ட அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன்: “மாமா எங்கிட்ட எந்தப் பக்கம் புடிக்கும்னு கேட்டாரும்மா. நான் ரோட்டுப் பக்கம்னு சொன்னேன்.” அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் கண்ணில் படுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டத்தைப் பற்றி மாமா என்னிடம் மட்டும்தான் யோசனை கேட்டிருக்கிறார் என்ற பெருமையில் இருந்தேன்.