தேசம்மாவின் ஈரலும் ஊசியில் போன குமிழியும்

ஸ்கேன் ரூமில் ஆயா வேலை என்றால் தரை துடைப்பது பாதி, தைரியம் சொல்வது பாதி. எனக்கு முதல் பாதிதான் வரும். ஏழாங்கிளாசோடு படிப்பை விட்டவள் நான். டாக்டர் புருவத்தைச் சுருக்கினாலே நோயாளிக்கு முன்னால் நான் அழுதுவிடுவேன். என்னைப் போல அடுத்தவர் நோய்க்கெல்லாம் தூக்கத்தைத் தொலைக்கும் அக்கா தங்கைகளே, ராயபுரத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சோடா

தேசம்மா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் ஈரலில் ஒரு கட்டி தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று சி.டி. ஸ்கேனில் பார்க்கலாம் என்றால், அவளுக்குக் கிட்னி பலவீனம். அந்த ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து கிட்னிக்கு ஆகாது. எங்கள் டாக்டரம்மா புதிதாக வந்த ஒரு வழியைச் சொன்னார். பொடிப்பொடிக் குமிழிகளை நரம்பில் ஊசியாகப் போட்டு, அவை ரத்தத்தோடு ஈரலுக்குள் போவதை வயிற்று ஸ்கேனிலேயே பார்ப்பது. குமிழி மூச்சோடு வெளியே போய்விடுமாம்.

நரம்பில் காற்றுப் போனால் ஆள் காலி என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, "ஒண்ணும் ஆகாதேம்மா?" என்று தேசம்மா எதிரிலேயே கேட்டுத் தொலைத்தேன். டாக்டரம்மா முறைத்தார். தேசம்மா என்னைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். "இன்னா டாக்டரம்மா, சோடா குடுக்கறதுன்னா வாயில குடு, கையில எதுக்கு குத்திக்கினு?"

முப்பது, நாற்பது

ரத்தத்தோடு குமிழி போகும் இடம் திரையில் வெளுக்கும்; கட்டி எத்தனாவது நொடியில் வெளுக்கிறது, எப்போது மங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டாக்டரம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். கடிகாரத்தைப் பார்த்து நொடியைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. தேசம்மா அசையாமல் கிடக்க வேண்டும்.

"பத்து" என்றேன். ஒழுங்காகக் கிடந்தாள். "இருபது." உதடு துடித்தது. "முப்பது" என்றதும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, "முப்பது! முப்பதுக்கு கேட்டாச்சு, நாப்பது ஆரு, நாப்பது ஆரு?" என்று பாதி எழுந்தேவிட்டாள். ஈரல் திரையை விட்டே ஓடிப்போனது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொள்ள, தேசம்மா என் மேல் பாய்ந்தாள்: "நீ நம்பர ஏத்திக்கினே போனா நா எப்பிடிக்கா சும்மா கெடப்பேன்? என் பொழப்பே அதான!"

ஓரம்

இரண்டாவது ஊசிக்கு நான் வாயைத் திறக்காமல் விரலைக் காட்டினேன். சுற்றியிருந்த ஈரல் வெளுப்பதற்கு முன்பே கட்டி பளிச்சென்று வெளுத்தது. பிறகு ஈரல் வெளுப்பாக இருக்கும்போதே அது மட்டும் கறுத்தது. டாக்டரம்மா மறைக்கவில்லை. "கெட்ட கட்டிதாம்மா. சின்னதாத்தான் இருக்கு, ஊசி விட்டுச் சுட்டுடலாம். முழுசா வெந்துட்டா கவலையில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் திரும்ப வளரும்."

தேசம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்தாள், முந்தானையை உதறினாள், அப்புறம் சொன்னாள்: "அப்ப பக்கத்துல கீற நல்ல ஈரலையும் கொஞ்சம் சேத்தே சுட்டுடும்மா, நா பேரம் பேச மாட்டேன்."

கறுப்பு

சுட்டு ஒரு மாதம் ஆனதும் மறுபடி குமிழி ஊசி. நான் விரலைக் காட்டிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தேன். ஈரல் முழுக்க வெளுப்பு, அந்த இடம் மட்டும் கன்னங்கரேல் என்று கிடந்தது. போன தடவை கறுத்ததைத்தானே கெட்டது என்றார்கள்? எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. அதைப் பார்த்த தேசம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

டாக்டரம்மா திரும்பினார். "எதுக்கு அழறீங்க? போன தடவை வெளுத்துட்டுக் கறுத்துது. இப்ப வெளுக்கவே இல்லை. அங்க ரத்தமே போகலை, கட்டி முழுசாச் செத்துப்போச்சு!" தேசம்மா என் கையை உதறினாள். "யக்கா, அடுத்த தபா உன் மூஞ்சிய வெளியில வெச்சுட்டு வா. கட்டிக்குத் தப்பிச்சவ அதப் பாத்தே போயிடுவேன் போல கீது!"

மறுநாளே அவள் மீன் ஏலம் விடப் போய்விட்டாள். அவளுக்காகக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டே பிரஷர் மாத்திரை விழுங்க ஆரம்பித்தது நான்தான்.