சிவசக்தியின் மண்சரிவு மணி

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆறாவது காம்பராவில் இருக்கிறவள் சிவசக்தி. வயது முப்பத்தாறு. பசறை டவுனில் ஸனூஸ் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். காலை பஸ்ஸுக்கு ஒரு கையில் சோத்துப் பார்சல், மறு கையில் செருப்போடு ஓடுவாள். சேறு தாண்டின பிறகுதான் செருப்பு காலுக்குப் போகும். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரை நோண்டி நோண்டித் தானாகவே படித்துக்கொண்டாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அவள் சொன்னதில் எனக்கு விளங்கினதைத்தான் எழுதுகிறேன்.

லயத்துக்குப் பின்னால் மேடு. போன வருஷ மழைக்கு அதில் வெடிப்பு விட்டது. பார்க்க வந்த அதிகாரிகள் இடம் மாறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாற எங்கே இடம்? அதனால் சிவசக்தி வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பம் நட்டாள். அசைவை அறிகிற சின்னக் கருவி ஒன்றை அதில் வைத்து, வயரை அவள் காம்பராவுக்கு இழுத்தாள். அங்கே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர். மண் நகர்ந்தால் கோயில் ஸ்பீக்கரில் மணி அடிக்கும். அடித்ததும் எல்லோரும் கீழே ஸ்கூலுக்கு ஓடிவிட வேண்டும்.

முதல் சோதனைக்கு என்னைத்தான் கூப்பிட்டாள். கம்பத்தடியில் உலக்கையால் பத்துக் குத்து குத்தினேன். கம்ப்யூட்டர் மூன்றுதான் எண்ணியது.

"ஏண்டி, மிச்சம் ஏழு எங்க போச்சு?"

"அது அடுத்த வரிய வாசிச்சுக்கிட்டு இருந்துச்சுக்கா."

கம்ப்யூட்டருக்குப் பைத்தன் என்று ஒரு பாஷையாம். எழுத லேசு, மாற்றவும் லேசு. ஆனால் ஓடும்போது ஒவ்வொரு வரியாக வாசித்து வாசித்துத்தான் ஓடுமாம். சி என்று இன்னொன்று. அதில் எழுதினதை முன்கூட்டியே மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றி வைத்துவிடலாம். பிறகு வாசிக்கிற வேலையே இல்லை.

"கங்காணி சொல்லிச் சொல்லியா நீங்க கொழுந்து பறிக்கிறீங்க? எந்த மலைன்னு அவர் சொல்லுவாரு, பறிக்கிறது உங்க விரலு. பைத்தன் கங்காணி, சி உங்க விரலு. எண்ணுற வேலைய மட்டும் சி-ல எழுதி பைத்தனுக்குள்ள வச்சிரப் போறேன்."

பதினைந்து நாள் பாடுபட்டாள். சி-யில் ஒரு பிசகு வந்தால் மொத்தமும் விழுந்துவிடுமாம், ஏன் என்றுகூடச் சொல்லாதாம். முகம் வாடிப்போனாள். பிறகு ஒரு சனிக்கிழமை பத்துக் குத்துக்குப் பத்தும் எண்ணியது. குழந்தை மாதிரி குதித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கடைக்குப் போன பிறகு நான் மேட்டுக்கு ஏறினேன். இத்தனை உயிரைக் காக்கப் போகிறது, வெறுங்கம்பமாக நிற்கலாமா? சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டி, மாரியம்மாளை நினைத்துக் கும்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் தூறலும் காற்றுமாக இருந்தது. மணி அடித்தது. அறுபது பேர் ஓடினோம். ஸ்கூலில் இரண்டு மணி நேரம் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தோம். மேடு அப்படியே நின்றது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோயில் வாசலில் கூட்டம். அன்றைக்கு வழுக்கி விழுந்த கருப்பம்மா அக்கா முழங்காலில் கட்டோடு வந்திருந்தாள்.

"இவ மிசினுக்கு என் முழங்காலுதான் கெடச்சுச்சா? புடுங்கி எறிங்க தலைவரே!"

தோட்டத் தலைவர் வீரசிங்கம் சிவசக்தியைப் பார்த்தார். அவள் இரண்டு நாள் லீவு போட்டு சி-யில் பிழை தேடி, கிடைக்காமல், கண் வீங்கி இருந்தாள்.

"புடுங்குறதுன்னா புடுங்குங்க. புடுங்காம விட்டாலும், நெசமாவே அடிக்கிற அன்னைக்கு ஒருத்தரும் எந்திரிக்க மாட்டீங்களேன்னுதான் பயமா இருக்கு."

எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. அம்மன் சந்நிதியில் உட்கார்ந்துகொண்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? எழுந்து துணி கட்டினதைச் சொன்னேன்.

"அடி பாவி! அம்மாளுக்குச் சேலை சாத்தச் சொன்னா கம்பத்துக்குச் சாத்தியிருக்கா!" என்றாள் கருப்பம்மா அக்கா. கோயில் வாசலே சிரித்தது.

சிவசக்தி என்னைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப சி-ல பிழையே இல்லக்கா! துணி ஆடுறதக்கூட ஒண்ணு விடாம எண்ணியிருக்கு. முடிவெடுக்கிற எடந்தான் தப்பு. அது பைத்தன்ல இருக்கு."

அங்கேயே படியில் உட்கார்ந்து மடியில் லெப்டொப்பைத் திறந்தாள். காற்றில் ஆடுகிற கம்பம் திரும்ப நேராகிவிடும், மண் நகர்ந்தால் சாய்ந்தது சாய்ந்தபடியே நிற்கும் என்றாள். சாய்ந்தே நின்றால் மட்டும் மணி. விரலைத் தொடவில்லை, கங்காணிக்குத்தான் புதுசாக நாலு வரி சொன்னாள்.

தலைவர் மேட்டுக்கு ஏறினார். துணியைப் பிடித்து உதறினார். சத்தமில்லை. பிறகு கம்பத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்பீக்கரில் மணி கணகணவென்று அடித்தது. நாங்கள் கைதட்டினோம்.

கருப்பம்மா அக்கா மட்டும் எழுந்து, காலை இழுத்து இழுத்து ஸ்கூல் பாதையில் இறங்கத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, இது சோதனைக்கா!" என்று சிவசக்தி கத்தினாள்.

"தெரியும்டி. அடிச்சா ஓடணும்னு நீதான சொன்ன? கையத் தட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, வாங்கடி எல்லாரும்!"