சாயிமா மாற்றிச் சொன்ன முடிவு

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் திருப்பூர் மண்ணரையில் சாயிமா குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடிக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஏறிவிடும். அந்தச் சந்தில் உள்ள அம்மாக்களில் பாதிப்பேர் ஞாயிறும் அரை ஷிப்ட் போகிறவர்கள். சாயிமாவுக்கு அன்று லீவு. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் துணியில் ஓட்டை, தையல் விட்ட இடம் இருந்தால் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

பிறந்த ஊர் செஞ்சி. அவருடைய அத்தா கோட்டை வாசலில் வெள்ளரிக்காய் விற்றவர். பக்கத்தில் உட்கார்ந்து மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தபடி, கைடுகள் சொல்லும் கதைகளைக் கேட்டே வளர்ந்தார் சாயிமா. இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகித் திருப்பூர் வந்தார். இப்போது நாற்பத்தொன்று.

பிள்ளைகளுக்கு அவர் சொல்வதெல்லாம் அந்தக் கோட்டைக் கதைகள்தான். மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதில். ஆடு மேய்க்கப் போன ஆனந்தக் கோன் குகைக்குள் புதையல் எடுத்து முதல் கோட்டையைக் கட்டிய கதை. டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்கிய கதை. அந்தத் தேசிங்கு ராஜாவானதும் ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுக்கிறான். பெரும்படை வருகிறது. அவனுடைய சினேகிதன் மகமத் கானுக்கு அன்றைக்குத்தான் நிக்காஹ். ஓலை வந்ததும் பந்தலிலிருந்து எழுந்து நீலவேணி என்ற குதிரையில் ஏறிவிடுகிறான். இரண்டு பேரும் போரில் சாகிறார்கள்.

ஒரு ஞாயிறு, இந்த இடத்தில் ஜோதிகா கேட்டாள்: "ராஜா செத்துப் போயிட்டாரே. ராணி என்ன ஆனாங்க பெரிம்மா?"

ஜோதிகாவுக்கு ஒன்பது வயது. நான்கு மாதத்துக்கு முன்னால்தான் அவள் அப்பா முனீஸ் சாலை விபத்தில் இறந்திருந்தார். அம்மா சின்னத்தாய், சாயிமாவின் கம்பெனியிலேயே துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அப்பா போனதிலிருந்து ஜோதிகா வாய்விட்டு அழுததில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போய், அம்மா வெளியே வரும்வரை நின்றுகொண்டிருப்பாள்.

ராணி என்ன ஆனாள் என்று சாயிமாவுக்குத் தெரியும். கைடுகள் தினமும் சொன்னதுதான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ராணி உயிரோடதான் இருந்தாங்க கண்ணு. கோட்டைக் கதவைச் சாத்திட்டு, களஞ்சியத்து நெல்லை எடுத்து ஊருக்கே சோறு போட்டாங்க. அவங்களுக்கு ஒரு பொண்ணு. அதை வளர்த்து ஆளாக்குனாங்க."

அதற்குப் பிறகு ஜோதிகாவுக்கு அந்த ராணியின் கதை மட்டும்தான் வேண்டும். நோட்டெல்லாம் ராணியும் மகளும் படமாக நின்றார்கள்.

போன ஜனவரியில் கம்பெனி டூர் பற்றிப் பேச்சு வந்தது. மேனேஜர் தரணீதரன் செக்கிங் மேசைக்கே வந்து கேட்டார். "ஏனுங்க சாயிமா, பசங்க அத்தனை பேரும் செஞ்சிக்குத்தான் போவோணும்னு ஊட்டுல உசுரை வாங்கறாங்களாமுங்க. இந்த வருசம் உங்க ஊருக்கே போயிரலாமுங்களா?"

எல்லோரும் கை தட்டினார்கள். சாயிமா மட்டும் குனிந்து மேசைத் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தார். கிளம்புவதற்குள் ஜோதிகாவிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தார். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டதில், பஸ் செஞ்சி போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே கதை சொல்லும் வேலையும் அவர் கையில் இல்லை. "நீங்க சும்மா கை வீசிட்டு வாங்க" என்று தரணீதரன் ஒரு கைடை அமர்த்தியிருந்தார்.

செட்டிக்குளத்தங்கரையில் கைடு ஒரு மேடையைக் காட்டினார். "தேசிங்கு ராஜாவை எரிச்சது இங்கதான்னு சொல்வாங்க. ராணியும் அதே நெருப்புல இறங்கிட்டாங்க. அவங்க ஞாபகமாத்தான் நவாபு ராணிப்பேட்டைன்னு ஒரு ஊரையே உண்டாக்கினாராம்."

"பொய்யி!" என்று கத்தினாள் ஜோதிகா. "ராணி எல்லாத்துக்கும் சோறு போட்டாங்க!"

கைடு சிரித்தார். "யாரு பாப்பா சொன்னது?"

எல்லாப் பிள்ளைகளும் சாயிமாவைத் திரும்பிப் பார்த்தன.

"நான்தான் சொன்னேன்" என்றார் சாயிமா. "அது நானா கட்டுனது கண்ணு. இவர் சொல்றதுதான் இந்த ஊர்க்காரங்க சொல்ற கதை."

ஜோதிகா ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீயும் போயிருவியாம்மா?"

சின்னத்தாய்க்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டார். "ஏ கிறுக்கி, திங்கக்கிழம எனக்கு ஷிப்ட் இருக்கு, ஒனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நான் எங்கிட்டுப் போக?"

ஜோதிகா அப்போதுதான் அழுதாள். அப்பாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சின்னத்தாயும் அழுதார். மற்றவர்கள் ராஜகிரி மலை ஏறப் போய்விட்டார்கள். சாயிமா கொஞ்சம் தள்ளி ஒரு மரநிழலில், கிட்டப் போகவும் எழுந்து போகவும் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்துச் சின்னத்தாய் அவரைக் கூப்பிட்டார். "ஏக்கா, எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நீ கோவிச்சுக்குவியோன்னு பயம்."

"கோவந்தான். இல்லைங்கல. ஆனா இத்தன மாசமா கேக்காதத புள்ள இன்னைக்குக் கேட்டுட்டா. அது போதும்க்கா."

ஊர் திரும்பிய பிறகு மூன்று ஞாயிறு ஜோதிகா மாடிக்கு வரவில்லை. முதல் ஞாயிறே சாயிமா மற்றப் பிள்ளைகளிடம், முடிவை மாற்றியது தன் தப்பு என்று சொல்லிவிட்டார். எது ஊர் சொன்னது, எது தான் சேர்த்தது என்று அன்றிலிருந்து பிரித்துச் சொல்லவும் ஆரம்பித்தார்.

நான்காவது ஞாயிறு ஜோதிகா வந்தாள். மாடிப்படி ஓரமாக, யாரோடும் ஒட்டாமல் உட்கார்ந்தாள். கதைக்கு நடுவே கேட்டாள்: "அவ்வளவு உசரத்துல சிப்பாய்ங்க தண்ணிக்கு என்ன செஞ்சாங்க?"

"மேல சுனை இருக்கு. நானே குனிஞ்சு அள்ளிக் குடிச்சிருக்கேன்."

"இது நெசமா பெரிம்மா?"

"இது நெசம்."

ஜோதிகா கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுந்து முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள்.