மேம்பாலத்தில் மிதித்த பிரேக்

காலை ஆறு பத்துக்குத் தெஹிவளை மேம்பாலத்தின் ஏற்றத்தில் எங்கள் கெப் வாகனம் நின்றுவிட்டது. அதன் பின்னால், படுத்துறங்கும் வசதியுள்ள கரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொளுவியிருந்தோம்.

கதிர்காமப் பயணம். தன் காரில் எங்களுக்குப் பின்னால் வந்த மச்சாளுக்கு விரதம், கடைச் சாப்பாடு தொடமாட்டார். அதனால் அடுப்பு, அண்டா, அரிசி, தண்ணீர்க் கான்கள் எல்லாவற்றையும் வெள்ளவத்தையிலேயே கரவனில் ஏற்றினோம்.

“அம்மா, வெறும் கரவனைத்தான் இந்தக் கெப் இழுக்கும். சாமான்ர பாரத்தையும் சேர்த்துப் பாக்கோணும்” என்று மகன் சொன்னான்.

“நீ பேசாமல் ஓட்டு” என்றேன்.

இப்போது நாங்கள் மெல்லமெல்லப் பின்னால் வழுக்கினோம். அவன் இரண்டு பிரேக்கையும் போட்டும் பாரம் இழுத்தது. பக்கக் கண்ணாடியில், பின்னால் ஒரு பாடசாலை வானும் வெள்ளைச் சீருடைகளும் தெரிந்தன. என் கதவு பாலச் சுவரோடு ஒட்டிக்கிடந்ததால் இறங்கவும் வழியில்லை.

“காலை எடுக்காதை, தம்பி!”

“எடுக்கேல்லை அம்மா. ஆனா கால் நடுங்குது.”

வான் சாரதி பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடிவந்து, கரவன் சில்லுகளுக்குக் கீழே கல் வைத்தார். வண்டி நின்றது. மகன் அப்போதும் காலை எடுக்கவில்லை. இன்றும் ஏற்றத்தைக் கண்டால், ஓட்டத் தெரியாத என் காலும் தானாக அழுத்துகிறது.

நெரிசலில் காரை விட்டுவிட்டு, மூச்சிரைக்க நடந்துவந்தார் மச்சாள். மகனின் முழங்காலைத் தடவிவிட்டுச் சொன்னார்:

“கடையில இடியப்பம் வாங்குங்கோ. முருகனோட நான் கதைக்கிறன்.”