சிப்பியின் தாடியும் உங்கள் அக்காவின் பல்லும்

பிள்ளைகளே, உங்கள் பெரிய அக்காவின் முன்பல் ஒன்று பாதியாக இருப்பதைப் பார்த்தே நீங்கள் வளர்ந்தீர்கள். அது ஏன் அப்படியே இருக்கிறது என்று நீங்கள் கேட்டதில்லை. நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது நடந்தது இது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எண்ணூரில் ஓர் ஆலையில் எனக்கு வேலை. இயந்திரங்களைக் குளிரவைக்கக் கடல் தண்ணீரை இழுத்து வரும் வாய்க்கால் ஒன்று அங்கே உண்டு. அதன் சுவரெல்லாம் பச்சைச் சிப்பி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். விட்டுவைத்தால் தண்ணீர் வரும் வழியையே அடைத்துவிடும். மதகை மூடித் தண்ணீரை வடித்துவிட்டு, தட்டைக் கம்பியால் நாங்கள் அதைச் சுரண்டி எடுப்போம். ஒவ்வொரு சிப்பியின் இடுக்கிலிருந்தும் கறுப்பு நார்கள் கற்றையாக நீண்டு சுவரைப் பிடித்திருக்கும். அதைத் தாடி என்போம். எத்தனை அலை அடித்தாலும் விடாது. நாங்கள் அதைத் திட்டிக்கொண்டே பிய்ப்போம்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா குழாயடியில் வழுக்கி விழுந்து, குடத்தின் விளிம்பில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டாள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ராயபுரத்தில் நம் மாதா கோயில் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்றவள் அன்றோடு போவதை விட்டுவிட்டாள். வீட்டில்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவாள். மிச்சத்தையும் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வைக்கலாம் என்றார் பல் டாக்டர். அவள் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவிட்டாள். உடைந்த துண்டை உங்கள் அம்மா பஞ்சில் சுற்றி வைத்திருந்தாள். அதைக் காட்டி, இதையே ஒட்ட முடியாதா என்று கேட்டேன்.

"வாய்ன்னா எப்பவும் ஈரம். ஈரத்துல எந்தப் பசையும் நிக்காதுப்பா" என்றார்.

அது ஒன்றும் எனக்குத் தெரியாததல்ல. தச்சர்கள் மரத்தை ஒட்டக் காய்ச்சும் வஜ்ரப் பசை மழையில் நனைந்தால் இளகிவிடும். நம் வீட்டு நாற்காலியே ஒரு மழைக்காலத்தில் கால் கழன்று விழுந்திருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் டீச்சர் ஒருவர் ஆலைக்கு வந்தார். கொஞ்சம் சிப்பி வேண்டும் என்றார். எதற்கென்று மேஸ்திரி கேட்டார்.

"தண்ணிக்குள்ளயே ஒட்டுது பாருங்க, அந்தப் பசையைப் பத்திப் படிக்கிறேன்" என்றார் அவர்.

எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. நானே கொண்டுவந்து தருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

ஒரு பை நிறையச் சிப்பி வீட்டுக்கு வந்தது. சிப்பியைத் தாடியோடு இன்னொருவர் வீட்டுக்குக் கொடுப்பது நம்மவர்களில் அவமரியாதை.

"படிச்ச பொம்பள. இந்தக் கலீஜோடயா குடுப்பாங்க? மானம் போய்டும்" என்று சொல்லி, உங்கள் அம்மா ஒவ்வொன்றாகத் தாடியைப் பிய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பாதியைக் குழம்பாக வைத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றினாள். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

கல்லூரியில் டீச்சர் பையைத் திறந்தார். ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாடி எங்கங்க?"

"சுத்தமா எடுத்தாச்சு டீச்சர். குப்பையில கீது."

"எனக்கு வேண்டியதே அதுதாங்க" என்று சொல்லிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழம்பை மட்டும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் வாய்க்காலில் என் கூட்டாளி விடவே இல்லை. "இன்னா மாமு, சிப்பிக்கெல்லாம் சவரம் பண்ணி அனுப்சிக்கினு கீறியாமே. அப்டியே எனக்கும் பண்ணிவுடேன்."

அடுத்த முறை, சிப்பிகள் பிடித்திருந்த கல்லோடு சேர்த்து வாளியில் கடல் தண்ணீரில் வைத்து எடுத்துப் போனேன். வாளியின் ஒரு பக்கத்தைப் பிடிக்க அக்காவைக் கூப்பிட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. பல் துண்டு என் சட்டைப் பையில் இருந்தது.

டீச்சர் ஒரு சிப்பியைக் கண்ணாடித் தொட்டியில் விட்டார். வெகு நேரம் அது அசையவில்லை. பிறகு ஓட்டைத் திறந்து, நாக்கு மாதிரி ஒரு காலை நீட்டிக் கண்ணாடியைத் தடவியது. ஓரிடத்தில் அழுத்தி வைத்து, கொஞ்சம் பொறுத்து எடுத்தது. அந்த இடத்தில் ஒரு புது நார், நுனியில் சின்ன வட்டத்தோடு ஒட்டியிருந்தது.

"கால்ல ஒரு பள்ளம் இருக்கு. அதுக்குள்ள பசையை ஊத்தி நாரா வார்த்து எடுக்குது. முட்டை வெள்ளையில இருக்கிற மாதிரிப் புரதம்தான். தச்சருங்க காய்ச்சுற வஜ்ரமும் புரதம்தான். ஆனா அது தண்ணியில கரையும், இது கரையாது."

அக்கா தொட்டியின்மேல் குனிந்திருந்தாள். வாயிலிருந்து கை எப்போதோ இறங்கியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். நான் பஞ்சைப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.

"இத வச்சி ஒட்டிட முடியுமா டீச்சர்?"

அக்காவின் கை சட்டென்று வாய்க்குப் போய்விட்டது. டீச்சர் துண்டைத் தொடவில்லை. எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"பொய் சொல்ல மாட்டேங்க. பல்லுக்கு, காயத்துக்கு எல்லாம் இப்படி ஒரு பசை வேணும்னு நிறைய பேர் தேடுறாங்க. சிப்பியில இருந்து பிழிஞ்சு எடுத்தா துளிகூடத் தேறாது. அது எப்படிச் செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா அதைப் பார்த்து நாமளே செய்யலாம். இன்னும் புரியல."

"எவ்ளோ நாளு ஆவும் டீச்சர்?" அக்காதான் கேட்டாள், விரல்களுக்கு நடுவிலிருந்து.

"என் தலை நரைச்சிடும்மா. அதுக்கப்புறமும் ஆகலாம்."

அவர் சொன்னது சரிதான். சிப்பியைப் பார்த்துப் பசை செய்கிறார்கள் என்று இப்போதுதான் பேப்பரில் படிக்கிறேன்.

திரும்பும்போது வாளி காலியாக இருந்தாலும் அக்கா ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ரொம்ப தூரம் வந்த பிறகு சொன்னாள்: "அதுவரிக்கும் மூடிக்கினே இருந்தா பாட்டெல்லாம் மறந்துபூடும் நைனா."



அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டுக்குழுவுக்குப் போனாள். கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண்ணோடு ஒரே புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டு நின்றாள். ஒரு கை புத்தகத்தில், ஒரு கை வாயில். இரண்டாவது பாட்டில் பக்கவாட்டுக் கதவு வழியாகக் காற்று வந்து தாள்களைப் புரட்டியது. அந்தப் பெண்ணால் அமுக்கிப் பிடிக்க முடியவில்லை. அக்கா இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்தாள். பாட்டு முடியும்வரை பிடித்தபடியே பாடினாள்.

பூசை முடிந்ததும் உங்கள் அம்மா உங்களையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். சவரக் கண்ணாடி முன்னால் நின்று, அக்காவைப் போலவே உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். குரல் கையில் முட்டிச் சூடாக என் முகத்துக்கே திரும்பியது. கையை எடுக்காமல் கடைசி வரிவரை பாடினேன்.